ஃபுல் வாயில் புடவை

"சரி, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க. எப்படி இருக்கு?" என்று ஃபோனில் மனைவி கேட்டாள்.

போல்ட்டுக்காரர் பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு புடவையின் நுனி. அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார்.

"உப்புத்தாள் மாதிரி இருக்கு. முரட்டு உப்புத்தாள் இல்லை. வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தேய்ப்பு தேய்ப்போமே, அந்த நைஸ்."

"அது ஜார்ஜெட். அடுத்தது."

"இது எண்ணெய் தடவின தகடு. கையில நிக்கவே மாட்டேங்குது."

"சாட்டின். அடுத்தது."

"இது மடிச்சா மடிச்ச இடத்துலயே விறைச்சுக்கிட்டு நிக்குது. தகரம்."

"ஆர்கண்டி. அதைக் கசக்காம வைங்க. அடுத்தது."

அடுத்தது கீழே விழுந்தது. அதோடு அதற்கு மேலே இருந்ததும் கீழே இருந்ததும் சேர்ந்து விழுந்தன. போல்ட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மூக்குக் கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் காலடியில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தார். எல்லாமே துணியாகத்தான் தெரிந்தது.

"பேர் ஒண்ணும் எழுதி ஒட்டலையே" என்றார் பரிதாபமாக.

"ஒட்டியிருந்தா எந்தக் கழுதையும் எடுத்துடுமே" என்றாள் மனைவி.

போல்ட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். நட்டு, போல்ட்டு, ஆணி, திருகாணி விற்கிற கடையில் ஆயுசில் பெரும்பகுதியைக் கழித்தவர். இருட்டில் ஒரு திருகாணியைக் கையில் கொடுத்தால் போதும், அது எந்த இயந்திரத்தில் எந்த மூலையிலிருந்து கழன்றது என்று சொல்லிவிடுவார். கடையை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அவருடைய மனைவி தையல் டீச்சர். அவளுக்கு உலகத்தில் துணி என்று ஒன்று கிடையாது. பாப்ளின் உண்டு, லாங்கிளாத் உண்டு, சீட்டி உண்டு, மல் உண்டு, கேம்ப்ரிக் உண்டு. இந்தச் சொற்களையெல்லாம் அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்கிற மாதிரி.

அதுதான் வினையாகிவிட்டது. ஒரு நாள் காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் எதிரே வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்றாள். "நல்லா இருக்கு" என்றார் பேப்பரிடம். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இப்ப நான் என்ன கட்டியிருக்கேன்? சொல்லுங்க பார்ப்போம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பச்சை" என்று குத்துமதிப்பாக ஒரு கல்லை எறிந்தார். பச்சை இல்லை.

கதவு திறந்தது. அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டாள். "போகட்டும். மொதமொதல்ல உங்க கடைக்கு வந்தேனே, அன்னிக்கு என்ன கட்டியிருந்தேன்?"

கடைசியில் தெரிந்த கேள்வி வந்துவிட்டது என்று போல்ட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "அன்னிக்கா? மறக்குமா? தையல் மெஷின்ல ஊசியைப் பிடிக்கிற திருகாணி கேட்டு வந்தே. பித்தளை. உருண்டைத் தலை. மரை தேஞ்சு போயிருந்துச்சு. பெட்டியில கையை விட்ட உடனே அதுக்கு ஜோடி கிடைச்சுதே."

அவள் அன்று மத்தியானமே தங்கை வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். தங்கை வீடு பஸ்ஸில் அரை நாள் தூரம். போகும்போது அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்து, சட்டைகளை மாட்டி வைத்து, கைக்குட்டைகளை மடித்து அடுக்கிவிட்டுத்தான் போனாள். அதைப் பார்த்து, நாளைக்கே வந்துவிடுவாள் என்று நினைத்தார். வரவில்லை. ஒரு வாரத்துக்குமேல் ஓடிப்போனது. அவராக ஃபோன் பண்ணி, எப்போது வருகிறாய் என்று கேட்டதற்குத்தான் இந்த நிபந்தனை.

"அன்னிக்குக் கட்டியிருந்தது ஒரு ஃபுல் வாயில் புடவை. அந்த ஃபுல் வாயில் வீட்டிலதான் இருக்கு. கலர் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிச்சுக் கையோட கொண்டு வாங்க. வந்த பஸ்ஸிலயே நானும் உங்ககூடத் திரும்பிடறேன்."

"கிடைக்கலைன்னா?"

"இங்க காத்து நல்லா வருது" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து போல்ட்டுக்காரர் பீரோவும் கையுமாக இருந்தார். அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு அவருக்குக் குறைவில்லை, ஓரளவு சமைக்கத் தெரியும். சத்தம்தான் குறைந்துபோயிருந்தது. ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின் உறை போட்டுக்கொண்டு கிடந்தது. காலையில் எழுந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து, நூல்கூடக் கோக்காமல் பெடலை மட்டும் கொஞ்ச நேரம் மிதிப்பார். கடகடவென்று அந்தச் சத்தம் கிளம்பியதும் அவள் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும். காலை எடுத்தால் போய்விடும்.

தெருமுனைத் தேய்ப்புக்காரரிடம் யோசனை கேட்டார். ஊர்த் துணியெல்லாம் அவர் இஸ்திரிப் பெட்டிக்கடியில் போய் வருவதால் அவருக்குத் தெரியாத துணி இருக்காது என்று ஒரு கணக்கு.

"ஃபுல் வாயில் சுத்தப் பருத்தி சார்" என்றார் தேய்ப்புக்காரர். "ஒரு நூலை உருவி நெருப்புல காட்டுங்க. காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலானா பருத்தி. உருகினா நைலான், பாலியெஸ்டர் வகையறா. பருத்தியையெல்லாம் தனியா எடுத்து வைங்க. அப்புறம் மெல்லிசு எதுன்னு பார்த்தா முடிஞ்சு போச்சு."

போல்ட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இது அவருக்குப் புரிகிற பாஷை. இரும்பா எஃகா என்று உரசிப் பார்க்கிற மாதிரிதான். தீப்பெட்டியோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு புடவையின் ஓரத்திலும் ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். ஓரத்தையல் முழுவதும் சரசரவென்று கழன்று கையோடு வந்தது. வருகிறபடி வரட்டும் என்று எரித்தார். சாம்பல். அடுத்ததும் சாம்பல். எண்ணெய்த் தகடு சாட்டினும் சாம்பல்.

பீரோவில் இருந்த அத்தனையும் பருத்தி என்று முடிவு வந்ததும் ஃபோனை எடுத்தார். சகலை எடுத்தார், அதாவது மனைவியின் தங்கை புருஷன்.

"அவகிட்ட சொல்லுங்க, எல்லாமே பருத்திதான்னு. ஜார்ஜெட்டுன்னு சொன்னது, சாட்டின்னு சொன்னது, எல்லாம் அவளை யாரோ ஏமாத்தி வித்திருக்காங்க."

சகலை ஓரத்தையலில் இழுத்த நூலா என்று விசாரித்தார். இவர் ஆமாம் என்றார்.

"அண்ணே, அது அண்ணி ஓரம் அடிச்ச நூல். எல்லாப் புடவைக்கும் ஒரே நூல்கண்டுதான்."

போல்ட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். கழன்ற ஓரங்களோடு புடவைகள் கூடம் முழுக்கப் பரந்து கிடந்தன.

சகலை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, சீக்கிரம் கண்டுபிடிங்க. அக்காளும் தங்கச்சியும் பேச ஆரம்பிச்சா ரெண்டு வேளைச் சாப்பாடும் ஒரே வேளையாப் போகுது. என் சாய்வு நாற்காலியிலதான் அண்ணி உக்காந்திருக்காங்க. நான் வாசப்படியில உக்காந்து பேசறேன். எதையும் சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். கண்ணாடியை நல்லாத் துடைச்சுட்டுத் தேடுங்க."

"என் கண்ணுக்கு ஒண்ணும் கோளாறு இல்லை" என்று போல்ட்டுக்காரர் ஃபோனை வைத்தார். சகலைக்கு வாய் நீளம் என்று அவருக்கு எப்போதுமே ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆனாலும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத்தான் செய்தார்.

இந்தத் தடவை ஓரத்தையலை நம்பவில்லை. துணியின் மூலையையே நெருப்பில் காட்டிவிடுவது என்று தீர்மானித்தார். ஜார்ஜெட் புடவையின் மூலையில் தீக்குச்சியை வைத்ததுதான் தாமதம், அது சுருண்டு, உருகி, கொதிக்கிற சொட்டாக அவர் ஆள்காட்டி விரலில் விழுந்தது. விரலை உதறியதில் தீக்குச்சி பறந்து புடவையின் நட்ட நடுவில் விழுந்தது. அணைத்துவிட்டார். அணைப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை.

அது அவளுக்குப் பிடித்த புடவை. அதை அவள் கட்டினால் வெளியே எங்கேயோ கிளம்புகிறாள் என்று அர்த்தம். அந்த அளவுக்கு அவருக்கே தெரிந்திருந்தது. எரிகிற விரலில் கைக்குட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஓட்டை வழியாகத் தெரிந்த தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா டீச்சரிடம் தொழில் கற்றவள். ஓட்டையைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், இது தைக்கிற ஓட்டை இல்லை. மேல ஒரு பூ வெட்டி வச்சு ஒட்டுத்தையல் போடலாம். வேற வழியில்லை."

"ஒரு பூ மட்டும் தனியா நின்னா ஓட்டைன்னு கண்டுபிடிச்சுடுவா. அங்கங்க நாலு பூ வச்சுடுங்க."

நாலு பூ வைத்ததும் ஒரு பக்கம் மட்டும் பூத்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். கடைசியில் புடவை ஜன்னல் திரையாகிவிட்டது. தையல்காரம்மா அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் பார்த்தா என்னைத்தான் கொல்லுவாங்க" என்றாள்.

அவர் பூக்களைப் பார்க்காமல் வேறு கேட்டார். "ஃபுல் வாயில்னா எப்படிம்மா இருக்கும்?"

"மெல்லிசா இருக்கும் சார். கழுவக் கழுவக் கலர் எல்லாம் போயிடும், துணி போகாது. மெத்து மெத்துன்னு ஆகிக்கிட்டே இருக்கும். இப்ப யாரு கட்டறா? நான் படிக்கிற காலத்துல டீச்சர் நிறைய கட்டுவாங்க." பேசிக்கொண்டே அவர் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "காயத்துக்கு மருந்து போட்டீங்களா? இந்தக் கைக்குட்டை ஓரம் டீச்சர் மடிச்சதாச்சே. கையாலயே சுருட்டி அடிச்சிருக்காங்க. எனக்கு இன்னும் இந்த மாதிரி வரலை."

"அவளுக்கு எல்லாமே நல்லா வரும்" என்றார் போல்ட்டுக்காரர். இதை அவளிடமே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. சொன்னதாக ஞாபகமில்லை.

தையல்காரம்மா சொன்ன அடையாளத்தோடு தேடிப் பார்த்ததில், பீரோவில் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. அப்படியானால் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது. ஜவுளிக்கடையில் ஃபுல் வாயில் என்றதும் விற்பனைப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அங்கே வந்திருந்த பெண்களின் புடவைகளையெல்லாம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என்ன பார்க்கறீங்க?" என்றாள் ஒரு பெண் முறைத்துக்கொண்டு.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க கட்டியிருக்கிறது கிரேப்பா, ஷிஃபானான்னு பார்த்தேன்."

"ஷிஃபான்" என்றாள் அவள் கோபம் குறையாமல்.

போல்ட்டுக்காரருக்கு அந்த நிலைமையிலும் ஒரு பெருமை. பக்கத்து வீட்டு ரேடியோ கடைசியில் அவர் வீட்டிலும் பாட ஆரம்பித்துவிட்டது. கேட்கிற ஆள்தான் இல்லை.

மெல்லிசாக இருந்த ஒரு நீலப் புடவையை, "இது ஃபுல் வாயிலுக்கு அண்ணன் சார்" என்று அவர் தலையில் கட்டினார்கள். ஆனால் அது பளபளவென்று புதிதாக இருந்தது. பழையதாக்க வேண்டும். துருப்பிடித்த சாமானைப் புதிதாக்கி விற்றவருக்கு இது பெரிய வித்தையா என்று நினைத்து, வெந்நீரில் சலவைச் சோடாவைக் கொட்டிப் புடவையை முக்கினார். தண்ணீர் மிச்சமிருக்கிறதே என்று அவளுடைய வெள்ளை லாங்கிளாத் பாவாடைகளையும், மீதமிருந்த கைக்குட்டைகளையும், தலையணை உறையையும் கூடவே போட்டார். திரும்பி வந்து பார்த்தபோது புடவை அப்படியே புதிதாக இருந்தது. மற்றதெல்லாம் நீலமாகியிருந்தது. அவர் கையும் முழங்கை வரைக்கும் நீலம். விரலில் கட்டியிருந்த கைக்குட்டையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்ததால் அது தப்பித்தது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அவள்தான்.

"கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கொடியில் தொங்கிய நீலப் பாவாடைகளும், கூடத்தில் ஓரம் கழன்று கிடந்த புடவைகளும், நாற்காலியில் கிடந்த பூந்தோட்டமும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன.

"கிடைச்சுடுச்சு" என்றார்.

அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அது டீச்சரின் குரலாக இல்லை. திருகாணி கேட்டு வந்த பெண்ணின் குரல்.

"நிஜமாவா? நீங்களாவா கண்டுபிடிச்சீங்க?"

"ஆமா. நாளைக்குக் கொண்டு வரேன்."

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்தார். மடியில் நீலப் புடவை. அதை அவள் கையில் வாங்கிய உடனே குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவருக்கே தெரியும். அந்த 'நிஜமாவா'தான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்காகப் பீரோ என்ன, வீட்டையே கொளுத்தலாம். ஆனால் பொய்யைக் கொடுத்து அதை வாங்கிவிட்டோமே என்று இருந்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். திரும்பினால் அந்த வீடு. இறங்கவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த சகலை அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார். "வாங்கண்ணே, வாங்க. பெட்டியைக் கட்டச் சொல்லவா?"

மனைவி சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தாள். கண்ணைத் துணிக்குக் கொண்டுபோனார். கருநீலக் கைத்தறி, சிவப்புக் கரை. இந்த முறை அவள் கேட்கவில்லை, அவரே பார்த்துக்கொண்டார்.

நீலப் புடவையை நீட்டினார். அவள் இரண்டு விரலால் தொட்டாள்.

"பாலியெஸ்டர் கலந்தது" என்றாள். அவ்வளவுதான். விரலை எடுத்துக்கொண்டாள்.

போல்ட்டுக்காரர் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"பொய் சொல்லிட்டேன். கிடைக்கலை. உன் ஜார்ஜெட்டை எரிச்சுட்டேன். பாவாடையெல்லாம் நீலமாயிடுச்சு. ஓரமெல்லாம் பிரிஞ்சு போச்சு. அன்னிக்கு நீ என்ன கட்டியிருந்தேன்னு எனக்கு இப்பவும் தெரியாது. நான் நிமிர்ந்தே பார்க்கலை."

சமையலறை வாசலில் தங்கை வந்து நின்றாள்.

"உன் விரல்ல பித்தளை அங்குஸ்தான் இருந்துச்சு" என்றார். "தைக்கும்போது விரல்ல மாட்டிப்பியே, அது. கழட்ட மறந்து அப்படியே வந்துட்டே. அதால என் கண்ணாடி மேஜையை டொக்கு டொக்குன்னு தட்டி, 'இருக்கா, இல்லையா?'ன்னு கேட்டே. அந்தச் சத்தம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. திருகாணி உடனே கிடைச்சுடுச்சு. கிடைக்காத மாதிரி கொஞ்ச நேரம் பெட்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப வீட்டில ஒரு சத்தமும் இல்லை. தினம் உன் மெஷின் பெடலை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நூல் கோக்காமயா?"

"ஆமா."

"பெல்ட் அறுந்துடும்" என்றாள். பிறகு, "விரல்ல என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. ஜார்ஜெட் சொட்டினது."

"கொண்டாங்க."

அவள் அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். கைக்குட்டையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். காயத்தை ஒரு தரம் பார்த்தாள், ஆறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அந்தக் கைக்குட்டையை மடியில் விரித்துப் போட்டு, சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டாள். நீவிக்கொண்டே இருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அதோடு ஒரு சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

"பெட்டியை எடுத்து வைடி" என்றாள் தங்கையிடம். "நான் கிளம்பறேன்."

போல்ட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கிடைத்த வரம் கை நழுவிப் போய்விடுமோ என்ற பயத்திலேயே கேட்டார். "ஆனா, புடவைதான் கிடைக்கலையே? இன்னும் பரண் மேல பார்க்கலை."

உள்ளேயிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த சகலை அதைத் தன் சாய்வு நாற்காலியில் இடம் பிடிக்கிற மாதிரி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் புடவை கிழிஞ்சதும் அதை வெட்டித்தானே அண்ணே, அண்ணி உங்களுக்கு இத்தனை வருஷமா கைக்குட்டை தைச்சுக் கொடுக்கறாங்க. அதனாலதானே அன்னிக்கே சொன்னேன், கண்ணாடியைத் துடைச்சுட்டுத் தேடுங்கன்னு."